கறுப்பு என்றால் காற்று

பீடோங் கிளினிக்கின் பின்புறத் திடலில்
மூன்று நாளாக நிற்கிறது
காந்தம் ஏற்றி வந்த லாரி.
இவர் அதைச் சுற்றி வந்து டயர்களை எண்ணினார்.
"பதினெட்டு. நம்ம டேங்கர் மாதிரியே."

ஓடும் லாரியில் தூங்கியதற்காக
வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரை
நிற்கும் லாரியில் தூங்கிக் காட்டச் சொன்னார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.
மெர்போக் வளைவில் தடுப்புக் கம்பி பிடித்துக்கொண்ட இரவில்
டேங்க் காலி.
அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்,
செம்பனை எண்ணெய் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று.

உடம்பில் உலோகம் இருக்கிறதா, மலாயில் கேட்டாள் ஃபரிடா.
கடிகாரம், பெல்ட்,
மகமாயிக்கு நேர்ந்து கட்டிய வெள்ளி அரைஞாண்.
ஒவ்வொன்றாய் என் மடியில் விழுந்தன.
பிறகு, கேட்காமலே நாக்கை நீட்டினார்:
இங்கே ஏழு வருடம் வேல் குத்தியிருக்கிறேன், இப்போது இல்லை.
அவள் குனிந்து பார்த்தாள்.
படிவத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

காந்தம் தட்டத் தொடங்கியது,
ஆலையின் பழைய கன்வேயருக்குப் பேய் பிடித்ததுபோல.
இந்தச் சத்தத்தில் தூக்கம் வருமா என்று கவலைப்பட்டார் டாக்டர் இங்.
நாலே நிமிடம்.

திரையில் அவர் முகம்
பலாப்பழம்போல் நடுவே பிளந்து, பக்கவாட்டில்.
மூக்கு மட்டும்தான் எனக்குத் தெரிந்த மூக்கு.
"வெள்ளை என்றால் சதை, கொழுப்பு. கறுப்பு என்றால் காற்று.
எலும்பும் கறுப்புதான், அதை விடுங்கள் அக்கா."
மூக்கில் நுழைந்து, அண்ணத்தின் பின்னால் வளைந்து,
நாக்கின் முதுகைத் தடவியபடி இறங்குகிறது காற்று.
ஒரு பென்சில் கோடு.
இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவுதான் பாதை.

தமிழ்ப்பள்ளியில் ரோத்தானுக்குப் பயந்து
மனப்பாடம் செய்தேன்:
வல்லினம் நெஞ்சில் பிறக்கும், மெல்லினம் மூக்கில்,
இடையினம் கழுத்தில்.
முப்பது வருடம் கழித்து
மூன்று இடத்தையும் ஒரே படத்தில் பார்க்கிறேன்.
எந்த எழுத்தும் பிறக்கவில்லை.

அண்ணத்தின் மெல்லிய நுனி முதலில் ஆடியது.
பிறகு நாக்கு,
வேல் தாங்கிய அதே நாக்கு,
ஷிப்ட் முடிந்தவன் நாற்காலியில் சாய்வதுபோல்
பின்னால் சாய்ந்தது.
கோடு மெலிந்தது.
கோடு இல்லை.

கீழே நெஞ்சு இழுக்கிறது, இழுக்கிறது,
வெளியே பூட்டிய கதவை உள்ளிருந்து இழுப்பதுபோல.
நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.
பதினோரு வருடப் பழக்கம்.
குறட்டை தாங்காமல் மகள் அறைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனவள்,
குறட்டை நின்றதும் பயந்து ஓடிவந்தேன்.
அன்றிலிருந்து பத்துவரை பொறுப்பேன்.
இருபதில் முழங்கை.
முப்பதில் அடி.

திரையும் ஓரத்தில் எண்ணியது, ஆனால் கீழ்நோக்கி:
தொண்ணூற்றொன்று,
எண்பத்தேழு,
எண்பத்து மூன்று.

என் முழங்கை போய்க் கண்ணாடியில் இடித்தது.

முப்பத்தெட்டில் கறுப்பு வந்தது,
மொத்தத் தலையும் குலுங்க.
டாக்டர் படத்தைப் பின்னோக்கி ஓட்டி
அடைத்த இடத்தில் நிறுத்தினார்.
இரண்டு இடம், அண்ணத்துக்குப் பின்னால், நாக்கின் அடியில்.
முகமூடி, எடைக்குறைப்பு, அறுவை
என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்.
நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பியர் என்று திட்டியிருக்கிறேன். சோம்பேறி என்று.
தூக்கத்திலும் என்மேல் கோபம் என்று
அம்மாவிடம் அழுதிருக்கிறேன்.

வெளியே வந்தவர் கண்ணைக் கசக்கினார்.
"தூங்கினேனா?"
அரைஞாணைக் கட்டிவிட்டேன். கொக்கி ஏறவில்லை, ஒரு கண்ணி தள்ளி மாட்டினேன்.
"வண்டி ஓட்ட விடுவாங்களா?"
ஃபரிடா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

கஞ்சிலை நான்தான் ஓட்டினேன்.
முதல் சிக்னலுக்குள் தூங்கிவிட்டார், வாய் திறந்து.
சிவப்பு விளக்கு முப்பது நொடி.
இருபத்தாறில் நின்றிருந்தேன்,
பின்னால் ஒரு டேங்கர் ஹாரன் அடித்தது.
மூச்சு வந்தது.
கியரைப் போட்டேன்.